கங்குக்கு ஏது புகை

சாக்கின் வாயை இரண்டு கையாலும் விரித்து, இரும்படுப்பின் புகைக்குழாய்க்கு அடியில் திறந்திருந்த ஓட்டையோடு சேர்த்து அணைத்துப் பிடித்தபடி குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார் வேலப்பன். அறுபத்தெட்டு வயதில் குத்துக்கால் என்பது லேசுப்பட்ட காரியமில்லை. ஆனால் எழுந்தால் சாக்கு நழுவும், சாக்கு நழுவினால் கரி அடுப்படி முழுக்கப் பறக்கும், பறந்தால் மருமகள் ஒரு வார்த்தை சொல்வாள், அந்த ஒரு வார்த்தையை இன்னும் பத்து வருஷத்துக்கு அவர் மனசில் வைத்துக் காப்பாற்ற வேண்டியிருக்கும். உள்ளே ஏற்கனவே இடமில்லை. சின்ன வயசில் கோடாலியைப் பிடுங்கிக்கொண்டு போன காட்டிலாகாக்காரன் இருக்கிறான். அண்ணன் மகள் கல்யாணத்தில் இவரை முதல் பந்தியிலிருந்து எழுப்பி இரண்டாம் பந்திக்கு உட்காரவைத்த சம்பந்தக்காரன் இருக்கிறான், அவன் செத்தே பதினோரு வருஷம் ஆகிறது, இவருக்குள்ளே மட்டும் இன்னும் வெற்றிலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். எல்லோருக்கும் முன்னால், வாசலை அடைத்துக்கொண்டு, மூன்று வருஷமாக இளஞ்சியம் நிற்கிறாள். அவள்தான் இப்போது தகரக்கூரையின் மேல் டப் டப் என்று நடக்கிறாள். மகன் செல்வராசுவின் பெண்டாட்டி. மூன்று வருஷமாக அவர் அவளோடு ஒரு சொல் பேசியதில்லை. அவள் பேசுவாள். சாப்பிட வாங்க மாமா, வெந்நி இருக்கு மாமா, பனி விழுது குல்லாவப் போடுங்க மாமா என்று தினமும் பேசுவாள், இவர் சுவரைப் பார்த்துச் செருமுவார், அதையே பதிலாக எடுத்துக்கொண்டு போய்விடுவாள். இன்றைக்குக் காலையிலும் அப்படித்தான், ஏணியில் கால் வைத்துவிட்டு, அவருடைய பிடிவாதத்துக்கு ஒரு வழியும் செய்து கொடுத்துவிட்டுப் போனாள். "நீங்க பேச வேணாம் மாமா. இடுக்கியால குழாயில தட்டுங்க. ஒரு தட்டுன்னா கரி விழுதுன்னு அர்த்தம். ரெண்டு தட்டுன்னா விழலன்னு அர்த்தம்." ஒருத்தனுடைய கோபத்துக்குக் கூட இப்படிப் பாய் விரித்துக் கொடுப்பாளா ஒருத்தி. இவராக இருந்தால் கொடுத்திருக்க மாட்டார். "மாமா, விழுதா?" என்று குழாய்க்குள்ளிருந்து குரல் வந்தது. ஆள் கூரை மேல், குரல் மட்டும் அடுப்புக்குள்ளே. சாக்கில் இரண்டு கைப்பிடி இருக்கும், சுக்குப் பொடி மாதிரி காய்ந்த கரி, அவ்வளவுதான். மாசத்துக்கு ஒரு தடவை துலக்குகிற குழாயில் வேறு என்ன இருக்கும். இடுக்கியை எடுத்து இரண்டு தட்டு தட்டினார்.

குழாயில் அடைப்பு இல்லை. அது அவருக்குத் தெரியும். இந்த மலையில், இந்தக் கோணப்பாறை ஊரில், இந்தச் சனிக்கிழமைக் காலையில் அது தெரிந்த ஒரே ஆள் அவர்தான், தெரிந்துகொண்டே அவளை ஈரத் தகரத்தின் மேல் ஏற்றிவிட்டு அடியில் சாக்குப் பிடித்துக்கொண்டிருக்கிறார். மேகம் இறங்கியிருக்கிறது, வாசலில் நிற்கிற தைலமரமே பாதிதான் தெரிகிறது, தகரம் வழுக்கும். அவள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் ஏறினாள், இடுப்பில் ஒரு கயிறு கட்டி அதன் மறுமுனையை முற்றத்துப் பேரிக்காய் மரத்தில் முடிந்திருக்கிறாள், அந்த முடிச்சை அவர் போய்த் தொட்டுப் பார்த்தார், குறை சொல்ல ஏதாவது கிடைக்குமா என்று. கிடைக்கவில்லை. காட்டில் மரம் சாய்க்கிறவன் போடுகிற முடிச்சு. நிலச்சரிவு வந்தாலும் மரத்தோடுதான் வரும். சரி, அவள் விழமாட்டாள், விழமாட்டாள் என்று சொல்லிக்கொண்டார், சொல்லும்போதே காது கூரையில் ஒட்டிக்கொண்டது, டப், டப், பிறகு ஒன்றுமில்லை, பிறகு ஒன்றுமேயில்லை, என்ன ஆச்சு, பிறகு டப். மூச்சை விட்டார். இந்த வயசில் ஒருத்தி மேல் கோபமாகவும் இருந்துகொண்டு அவளுடைய காலடியையும் எண்ணிக்கொண்டிருப்பது பெரிய அவஸ்தை.

செவ்வாய்க்கிழமை. அதை நினைக்கக் கூடாது என்றுதான் காட்டிலாகாக்காரனை நினைத்தார், சம்பந்தக்காரனை நினைத்தார், சுற்றிச் சுற்றி மனசு அங்கேதான் வந்து நிற்கிறது, செக்குமாடு மாதிரி. செவ்வாய்க்கிழமை அந்தியில் சமையல் முடிந்து அடுப்பில் கங்கு மட்டும் கிடந்தது. நல்ல சிவப்பு. புகை ஒரு இழை இல்லை. குழாயில் முழங்கை உயரத்தில் ஒரு கைப்பிடி இருக்கிறது, அதைத் திருகினால் உள்ளே ஒரு இரும்புத் தட்டு திரும்பும். கைப்பிடி குழாயோடு நெட்டுக்கு நின்றால் வழி திறந்திருக்கிறது, குறுக்கே நின்றால் மூடியிருக்கிறது. அவர் அதைக் குறுக்கே திருப்பினார். கங்குக்கு ஏது புகை? புகை இல்லாதபோது குழாய் எதற்குத் திறந்து கிடக்க வேண்டும், இருக்கிற சூடெல்லாம் வானத்துக்கு ஏன் போக வேண்டும், மேலே பரணில் விதைப்பூண்டு குளிரில் கிடக்கும்போது? இதுதான் அவர் யோசித்தது. இதில் என்ன தப்பு? அந்த இராத்திரி முழுக்க அடுப்படியில் அவருடைய பெண்டாட்டி ராக்காயியும் பேத்தி முல்லையும் படுத்திருந்தார்கள், கதகதப்புக்கு. விடியும்போது இளஞ்சியம் பால் காய்ச்ச உள்ளே போனவள் கத்தவில்லை. அதைத்தான் அவரால் மறக்க முடியவில்லை. வேறொருத்தியாக இருந்தால் ஊரைக் கூட்டியிருப்பாள். இவள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு உள்ளே போனாள், பிள்ளையை ஒரு கையில் அள்ளிக்கொண்டு வந்து பனியில் கிடத்தினாள், திரும்பிப் போனாள், மாமியாரைப் பாயோடு சேர்த்து இழுத்துக்கொண்டு வந்தாள். பாயோடு. ராக்காயி ஒல்லி இல்லை. பிள்ளை இரண்டு தரம் வாந்தி எடுத்து அழுதது. அழுததும்தான் இளஞ்சியம் அப்படியே ஈரத்தில் உட்கார்ந்தாள். ராக்காயி தலையைப் பிடித்துக்கொண்டு, "என்னடி இது, மண்டைக்குள்ள உரல் இடிக்குது" என்றாள். எல்லோரும் முற்றத்தில். உள்ளே அவர் மட்டும். உள்ளே போய் என்ன செய்தார்? சன்னலைத் திறந்தாரா, தண்ணீர் எடுத்தாரா? கைப்பிடியைத் திருப்பினார். குறுக்கே நின்றதை நெட்டுக்கு. அதைச் செய்தது இந்த வலது கைதான், இப்போது சாக்கைப் பிடித்துக்கொண்டிருக்கிற இதே கை. யோசித்துச் செய்யவில்லை. யோசிக்காமல் செய்ததுதான் மோசம், கைக்கே தெரிந்திருக்கிறது.

நர்சம்மா வந்து பார்த்தார். உள்ளே படுத்த இரண்டு பேருக்கும் ஒரே மாதிரித் தலைவலி, ஒரே மாதிரி வாந்தி, வெளி அறையில் படுத்தவர்களுக்கு ஒன்றுமில்லை, அப்படியானால் இது சாப்பாடு இல்லை, அடுப்புக் காற்று என்றார். "கண்ணுக்குத் தெரியாதும்மா, மூக்குக்கும் தெரியாது. கங்குக் காத்து வெளியேற வழி இல்லாமப் போனா அப்பிடித்தான். குழாயில எங்கயோ அடைச்சிருக்கு, பாரு." அன்றைக்கிலிருந்து அடுப்பு பற்றவைக்கவில்லை. பக்கத்து வீட்டில் சோறு, பக்கத்து வீட்டில் படுக்கை, மாமியாரும் பிள்ளையும் அங்கேதான். இளஞ்சியம் நாலு நாளாக அந்த அடுப்பைச் சுற்றிச் சுற்றி வந்தாள். வாய்க்குள்ளேயே, "போன மாசம் நல்லாத்தான தொடச்சேன், எங்க விட்டேன்" என்று முனகினாள். இன்றைக்குக் காலையில் ராக்காயியிடம் சொன்னாள், இவர் காதில் விழட்டும் என்றில்லை, அவள் அப்படிப்பட்டவள் இல்லை, ஆனால் விழுந்தது: "அத்தை, இன்னிக்குக் கூரை மேல ஏறி முழுசாப் பாத்துர்றேன். காரணம் அம்புட்டாச் சரி. அம்புடலைன்னா, குழாயையும் அடுப்பையும் கழட்டி உங்க மகன் வண்டியில ஏத்தி விட்டுர்றேன். பழைய கல்லடுப்பையே போட்டுக்குவோம். எம் பிள்ளை உசுருக்கு மேல எனக்கு ஒரு அடுப்பும் வேணாம்." ராக்காயி இவரைப் பார்த்தாள். இவர் குல்லாவைச் சரி செய்தார். அந்த நிமிஷம் அவருக்குள்ளே ஏதோ எழுந்து உட்கார்ந்தது, அதற்கு வெட்கமே இல்லை: ஜெயிச்சாச்சு.

ஆமாம், ஜெயித்தாச்சு. மூன்று வருஷம். பழனிக்குப் பாதயாத்திரை போய் நாலு நாள் கழித்துப் பஞ்சாமிர்த டப்பாவோடு வந்து வீட்டுக்குள் நுழைந்தால், அவர் அப்பன் போட்ட கல்லடுப்பைக் காணோம். அந்த இடத்தில் செங்கல் மேடை, மேடை மேல் எருமைக்கன்று மாதிரி ஒரு இரும்படுப்பு, அதிலிருந்து பரணைத் துளைத்துக்கொண்டு கூரைக்கு மேலே போகிற குழாய். ஆம்பளை இல்லாத நேரம் பார்த்து மருமகள் வைத்தது. செல்வராசு, "அம்மா இருமி இருமிச் சாகுதுப்பா, பரணுக்குப் போற புகையில பாதி அம்மா நெஞ்சுக்குத்தான் போகுது" என்றான். அதற்கு? அவர் அம்மா இருமவில்லையா? அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டாமா? கேட்டிருந்தால் வேண்டாமென்றுதான் சொல்லியிருப்பார், அது வேறு, ஆனாலும் கேட்டிருக்க வேண்டும். அது மட்டுமில்லை, பூண்டு. இந்த மலையில் பூண்டு விதைக்கிறவனுக்குத் தெரியும், விதைப்பூண்டைத் தாளோடு கட்டி அடுப்புக்கு மேலே பரணில் தொங்கவிட்டால்தான், தினமும் புகை குடித்தால்தான், அடுத்த பட்டம் வரைக்கும் பல் சூம்பாமல் நிற்கும். புகையெல்லாம் குழாய் வழியாக மேகத்துக்குப் போனால் பூண்டு எதைக் குடிக்கும்? முதல் வருஷம் மூன்றில் ஒரு பங்கு பொக்காகப் போனது. இளஞ்சியம் பின்பக்கம் தகரத்தில் ஒரு சின்னக் கொட்டகை அடித்து, "புகைய இங்க போட்டுக்கலாம் மாமா, பூண்டுக்குத் தனி, மனுசருக்குத் தனி" என்றாள். நல்ல கொட்டகைதான். அதனால்தான் அவர் அதில் ஒரு கட்டுப் பூண்டுகூடக் கட்டவில்லை. பதிலுக்கு அந்தி வேளைகளில், அவள் மாட்டுக்குப் புல் போடப் போகிற நேரம் பார்த்து, இரண்டு பச்சைச் சீகைமரக் கட்டையை அடுப்பில் திணிப்பார், தட்டைக் குறுக்கே திருப்பி, அடுப்புக் கதவைக் கொஞ்சம் திறந்து வைப்பார். பரண் முழுக்கப் புகை ஏறும். அரை மணி நேரம். பிறகு தட்டைத் திறந்து, சன்னலைத் திறந்து, ஒன்றும் தெரியாதவர் மாதிரி முற்றத்தில் உட்கார்ந்து பீடி பற்றவைப்பார். திருட்டு என்றால் திருட்டுத்தான், சொந்த வீட்டில்.

"மாமா, இப்ப அடி வரைக்கும் விட்டேன். விழுதா?" சர்ர் என்று கம்பிப் பிரஷ் குழாய்க்குள் இறங்கி ஏறுகிற சத்தம் பல்லைக் கூசவைத்தது. உடைந்த குழவிக்கல் ஒன்றைக் கயிற்றில் கட்டி, அந்தப் பாரத்தில் பிரஷ் தானாக இறங்கும்படி செய்திருக்கிறாள். மேலே இழுத்தால் ஒரு துலக்கு, கீழே விட்டால் ஒரு துலக்கு. இதெல்லாம் அவள் கொடைக்கானலில் கற்றது. அவளுடைய அப்பா பங்களாக்களில் கணப்பு வைக்கிற வேலை பார்த்தவர், ஆண்பிள்ளை இல்லாததால் மகளையே கூரைக்கு ஏற்றி வளர்த்தவர். சாக்குக்குள் ஏதோ கனமாக விழுந்தது, டக் என்று. எட்டிப் பார்த்தார். காய்ந்த கரிக்கு நடுவில் ஒரு சில்லு, கறுப்புக் கண்ணாடி மாதிரி, பளபளவென்று. இன்னொன்று. கையில் எடுத்தால் விரலில் தார் மாதிரி ஒட்டியது. பச்சைக் கட்டைப் புகை வெளியேற வழியில்லாமல் குளிர்ந்து குழாயில் படிந்தால் இப்படித்தான் ஆகும் என்று அவளே ஒருநாள் ராக்காயியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்: "காஞ்ச விறகா எரிச்சா கரி பொடியா விழும் அத்தை. பளபளன்னு ஒட்டுச்சுன்னா ஈர விறகு, இல்ல தட்ட மூடி மூடி எரிச்சது. அதுல ஒரு நா தீப்புடிச்சா குழாயே செவந்துரும்." அவருடைய அந்திப்பொழுதுகள்தான் இப்போது சில்லு சில்லாகச் சாக்கில் விழுந்து கிடக்கின்றன. அவள் எரிக்கிற விறகில் இது வராது. அவள் விறகு பிளந்து ஒரு வருஷம் கூரைக்கடியில் காயவைத்தது, முனையில் வெடிப்பு விட்டது, ஒன்றோடு ஒன்று தட்டினால் 'ணங்' என்று மணி மாதிரிக் கேட்கும். இவருடைய சீகைக் கட்டை 'தொப்' என்றுதான் கேட்கும். அவர் சில்லுகளைச் சாக்கின் மூலைக்குத் தள்ளினார். இடுக்கியை எடுத்தார். இரண்டு தட்டினார். விழவில்லை.

இரண்டு தட்டு தட்டிய பிறகு, அந்த இரும்புச் சத்தம் அடங்குகிற வரைக்கும், தன் வாயால் பொய் சொல்லாமல் கையால் சொல்லிவிட்டோம் என்பது அவருக்குத் தெரிந்துகொண்டே இருந்தது. மேலே பிரஷ் நின்றுவிட்டது. இவ்வளவு துலக்கியும் ஒன்றும் விழாத குழாயைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள் போலிருக்கிறது. அவளை நினைத்துப் பார்த்தார், தினமும் விடிகாலையில் அவள் தீ வைக்கிறதை. அவர் போர்வைக்குள் கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார். பார்க்கவில்லை என்றுதான் பெயர். முதலில் சன்னலின் கீழ்ப் பலகையை இரண்டு விரல் அளவுக்குத் திறப்பாள். வெளியே பனி உறைந்து கிடந்தாலும் திறப்பாள். பிறகு கைப்பிடி நெட்டுக்கு நிற்கிறதா என்று தொட்டுப் பார்ப்பாள், கண்ணால் பார்த்தாலும் தொட்டும் பார்ப்பாள். சாம்பலை முழுக்க வழிக்கமாட்டாள், ஒரு விரற்கடை மெத்தையாக விடுவாள், வழித்ததை மூடி போட்ட தகர வாளியில் அள்ளி முற்றத்துக் கல்லின் மேல் கொண்டுபோய் வைப்பாள், "சாம்பல் தூங்குற மாதிரி நடிக்கும், ரெண்டு நா கழிச்சும் முழிக்கும்" என்பாள். பெரிய கட்டை அடியில், சின்னது மேலே, சிராய் அதற்கும் மேலே, உச்சியில் தீ. ஊரெல்லாம் அடியில் பற்றவைக்கும், இவள் தலையில் பற்றவைப்பாள், தீ மேலிருந்து கீழே படியிறங்கி வரும், ஒரு பொட்டுப் புகை இல்லாமல். அவர் ஒருநாள் யாரும் இல்லாதபோது அப்படிச் செய்து பார்த்தார். அணைந்துபோய்விட்டது. மறுபடி செய்தார். பிடித்தது. அடடா என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு, யாராவது கேட்டுவிட்டார்களா என்று சுற்றிலும் பார்த்தார். பிறகு அந்தக் கதவுக் காகிதம். மாசம் ஒரு தரம் ஒரு துண்டுக் காகிதத்தை அடுப்புக் கதவில் வைத்துச் சாத்துவாள், இழுப்பாள். வரவில்லையென்றால் கதவு சரி. உருவிக்கொண்டு வந்தால் கதவோரத்து இடுக்கை அடைக்கிற கயிறு நைந்துவிட்டது, மாற்றுவாள். அவர் மூன்றாம் வகுப்போடு நின்றவர், காகிதத்துக்கு எழுதுவது தவிர இன்னொரு வேலை உண்டு என்று இவள்தான் காட்டினாள். ராக்காயி இருமல் நின்று இரண்டு வருஷமாகிறது. அதை அவர் கவனிக்கவில்லை என்று சொல்ல முடியாது. இருமல் சத்தம் இல்லாமல் முதல் மாசம் அவருக்குத் தூக்கமே வரவில்லை. பக்கத்தில் ஆள் இருக்கிறாளா என்று கையை நீட்டித் தொட்டுப் பார்ப்பார்.

ஒரு வழி இருக்கிறது. திடீரென்று தோன்றியது, தோன்றியதும் நெஞ்சு லேசானது. கூடு. பேரிக்காய் மரத்தடியில் புல்புல் குருவிக் கூடு ஒன்று உதிர்ந்து கிடக்கிறது. அதைக் கொண்டுவந்து சாக்குக்குள் போட்டு, ஒரே ஒரு தட்டு தட்டினால்? இதோ அடைப்பு, இதோ காரணம். அடுப்பும் இருக்கும், மருமகளும் குற்றமில்லாதவள், அவரும் குற்றமில்லாதவர், குருவி மட்டும்தான் குற்றவாளி, அது கோர்ட்டுக்கு வரப்போவதில்லை. எழுந்திருக்கப் போனார். பாதி எழுந்தபோது, கூரை மேல் குழாய்க்குத் தொப்பி மாதிரி, துலக்கும்போது மட்டும் சாய்த்துவைக்கிற ஒரு தகர மூடி இருப்பதும், அதைச் சுற்றி அவள் கம்பி வலை கட்டியிருப்பதும் நினைவுக்கு வந்தது. "குருவி நொழையக் கூடாது, தீப்பொறி வெளிய போகக் கூடாது." சிட்டுக்குருவித் தலைகூட நுழையாத கண்ணி. அவளே கட்டியது, மாசா மாசம் அவளே தொட்டுப் பார்ப்பது. ஒரு பொய் சொல்லக்கூட ஓட்டை வைக்காமல் வேலை செய்திருக்கிறாளே, இவளோடு எப்படி ஒரு மனுஷன் குடித்தனம் நடத்துவது. திரும்பக் குத்துக்காலிட்டார். முழங்கால் 'கடக்' என்றது.

அப்போது மேலே வேறு சத்தம். துலக்குகிற சத்தமில்லை. க்ரீச், க்ரீச் என்று போல்ட்டைத் திருகுகிற சத்தம். துருப்பிடித்த போல்ட்டு முரண்டு பிடிக்கிறது, அவள் சுத்தியலால் ஒரு தட்டு தட்டுகிறாள், மறுபடி திருகுகிறாள். சாய்த்துவைத்த தொப்பியை அடியோடு கழற்றுகிறாள். தொப்பி போனால் அடுத்தது குழாய், குழாய் போனால் அடுப்பு. செல்வராசு திண்டுக்கல் சந்தைக்குக் கேரட் ஏற்றிப் போயிருக்கிறான், மத்தியானம் வருவான், வந்தால் வண்டி காலி. சாயங்காலத்துக்குள் இங்கே மூன்று கல் இருக்கும், அவர் அப்பன் போட்டது மாதிரியே. பரணுக்குப் புகை ஏறும். பூண்டு குடிக்கும். அவர் ஒன்றும் செய்ய வேண்டாம். அவர் செய்ய வேண்டியதெல்லாம் வாயை மூடிக்கொண்டிருப்பது, அதில் அவரை மிஞ்ச இந்த மலையில் ஆள் இல்லை. க்ரீச். இனி அவள் ஒவ்வொரு தரமும் தீக்குச்சி உரசும்போது செவ்வாய்க்கிழமையை நினைப்பாள், என் கை வைத்த அடுப்பு, என் கை துலக்கிய குழாய் என்று நினைப்பாள், முல்லை சமைந்து கல்யாணமாகிப் போகிற வரைக்கும் நினைப்பாள். தப்பே செய்யாத ஒருத்தி தன் மேலேயே ஒரு கோபத்தை வைத்துக் காப்பாற்றுவாள். அது எப்படியிருக்கும் என்று அவருக்குத் தெரியும், மற்றவர் மேல் வைத்ததே இவ்வளவு கனக்கிறது. க்ரீச். அதெல்லாம்கூட இல்லை. உள்ளதைச் சொன்னால், இவ்வளவு ஒழுங்காக ஒரு வேலையைச் செய்கிறவள், தான் செய்தது சரியில்லை என்று நினைத்து அதைத் தானே பிரிக்கிற சத்தம், அதைத்தான் அவரால் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை. சாக்கை விட்டார். கரி மடியில் கொட்டியது. குழாயின் ஓட்டைக்குள் முகத்தை வைத்தார். உள்ளே கறுப்பாக, நீளமாக, உச்சியில் காசு அளவு வெளிச்சம்.

"கழட்டாதத்தா."

குரல் அவருடையது மாதிரியே இல்லை, கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருந்தது. மேலே திருகுகிற சத்தம் நின்றது. வெளிச்சத்தை ஒரு தலை மறைத்தது.

"ஏம் மாமா?" என்றாள். நேற்றும் முந்தாநாளும் பேசிக்கொண்டிருந்தவர்கள் மாதிரி.

"குழாயில ஒண்ணுமில்ல. தட்டத் திருப்பி மூடுனது நாந்தான். செவ்வாக்கிழம அந்தியில. விடியக்காலம் நீ பிள்ளையத் தூக்கிட்டு வெளிய போனப்ப திருப்பித் தொறந்ததும் நாந்தான்."

வசவு வரும் என்று கண்ணை மூடிக்கொண்டார். வந்தால் நல்லது, ஒரு வசவு வந்தால் அதைப் பிடித்துக்கொண்டு திரும்பப் பழைய இடத்துக்கே போய்விடலாம்.

"தீ இருக்கையிலயா, கங்கா இருக்கையிலயா?" என்று கேட்டாள்.

"கங்குதான். பொகையே இல்ல. பொகை இருந்தா மூடுவனா? கங்குக்கு ஏது..." என்று ஆரம்பித்தவர் முடிக்காமல், முகத்தில் உதிர்ந்த கரியைத் துடைத்துக்கொண்டார்.

தலை விலகியது. வெளிச்சம் மறுபடி காசு அளவுக்கு வந்தது. டப், டப், டப், இந்தத் தடவை வேகமாக, ஏணி முனகியது, பிறகு வாசலில் அவள் நின்றாள். நெற்றியிலும் மூக்கிலும் கரி, இடுப்பில் கயிறு, கையில் சுத்தியல். அவரைப் பார்க்காமல் முதலில் கைப்பிடியைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு கொட்டிக் கிடந்த கரிக்கு முன்னால் உட்கார்ந்து, பளபளக்கிற சில்லுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கையில் வைத்துப் பார்த்தாள்.

"இது ஒருநா வேலை இல்லியே."

"இல்ல."

"பூண்டுக்கா?"

"ம்."

அவள் கையை மூடினாள், சில்லுகள் உள்ளே நொறுங்கின. "நாலு நாளா நான் சோறு தின்னல மாமா. எங் கையாலயே எம் பிள்ளையக் கொல்லப் பாத்துட்டேன்னு நெனச்சுக்கிட்டுக் கெடந்தேன். நீங்க எதுத்தாப்புல குல்லாவ மாட்டிக்கிட்டு உக்காந்து பாத்துக்கிட்டே இருந்திருக்கீங்க." சத்தமாகச் சொல்லவில்லை. சத்தமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பார். "எங்கப்பா பங்களா வேலையில ரெண்டு பேரு செத்ததப் பாத்தவரு. கதவெல்லாம் சாத்திக் கங்குச்சட்டிய உள்ள வச்சிக்கிட்டுப் படுத்தவங்க. பொகைக்காவது மனுசன் இருமுவான், எந்திரிப்பான். கங்கு இருமக்கூட விடாது. அதுதான் பொல்லாதது." இதை அவருக்குச் சொன்னாளா, தனக்கே சொல்லிக்கொண்டாளா தெரியவில்லை. எழுந்தாள். "அத்தைகிட்ட நீங்கதான் சொல்லணும். நான் சொல்ல மாட்டேன். உங்க மகங்கிட்டயும் நீங்கதான் சொல்லணும்."

"சொல்றேன்" என்றார். அவர் எதிர்பார்த்தது மாதிரி உள்ளே ஒன்றும் நடக்கவில்லை. அவள் சொன்ன ஒவ்வொன்றையும் எடுத்து மடித்து உள்ளே வைக்கப் பார்த்தார், பழக்கதோஷம், எதுவும் நிற்கவில்லை, எல்லாம் நியாயமாக இருந்தது. நியாயமானதை மனசில் வைத்துக் கறுவ முடியாது போலிருக்கிறது, இத்தனை வயசில் இது தெரியாமல் போச்சே. அவள் மறுபடி கூரைக்கு ஏறித் தொப்பியை முடுக்கிவிட்டு வந்தாள். அடிமூடியைப் போட்டாள். சன்னல் பலகையை இரண்டு விரல் திறந்தாள். கட்டை, சிராய், உச்சியில் தீக்குச்சி. "வெளிய போய்க் கொழாயப் பாருங்க. என்ன நெறத்துல வருதுன்னு சொல்லணும். தட்டக் கூடாது. வாயால சொல்லணும்" என்றாள், இன்னும் முகத்தைப் பார்க்காமல். அவர் முற்றத்துக்குப் போனார். மேகம் விலகி, ஈரத் தகரத்தின் மேல் வெயில் சன்னமாக விழுந்திருந்தது. பீடியை எடுத்தார், பற்றவைக்காமல் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தார். "வெள்ளையா வருது!" "ம்!" என்றது உள்ளேயிருந்து குரல். "மெலியுது!" "ம்!" தலையிலிருந்து படியிறங்குகிற தீயை நினைத்துக்கொண்டார், சிராயைத் தின்று, சின்னக் கட்டைக்கு வந்து, இப்போது பெரிய கட்டையைத் தொட்டிருக்கும். தொப்பிக்கு மேலே வெள்ளை கரைந்து நூலாகி, நூலும் போய், பின்னாலிருக்கிற தைலமரத்தின் இலைகள் மட்டும் தண்ணீருக்குள் தெரிகிற மாதிரி நெளிந்தன. எவ்வளவு சுத்தம். ஒரு பொண்ணு ஒரு தீயை இவ்வளவு சுத்தமாக வளர்க்க முடியும். "இப்ப?" என்றாள். "நெறமே இல்லத்தா! காத்து மட்டும் ஆடுது!" என்று கத்தினார், ஊருக்கே கேட்கிற மாதிரி.

ஒற்றையடிப் பாதையில் ராக்காயி முல்லையைத் தூக்கிக்கொண்டு மூச்சு வாங்க ஏறி வந்துகொண்டிருந்தாள். வரும்போதே கூரையைப் பார்த்துவிட்டாள், முகம் விழுந்துவிட்டது. "பொகையக் காணோமே. கழட்டிப்புட்டாளா?"

"எரியுதுடி. நல்லா எரியுது."

அவள் நின்றாள். கரி பூசிய அவர் முகத்தை, மடியை, மறுபடி முகத்தைப் பார்த்தாள். "யாருகூடங்க கத்திப் பேசிக்கிட்டிருந்தீங்க?"

"மருமககூட."

ராக்காயிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "அட முருகா, எங்க குழந்தவேலா" என்றாள், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மூன்று வருஷமாக அவள் இதற்காக வேண்டிக்கொண்டிருப்பாள் என்று அவருக்குத் தெரியும், என்னவெல்லாம் நேர்ந்துவைத்திருக்கிறாளோ. இந்தச் சிரிப்பு அடங்கிய பிறகு சொல்லலாம். இல்லை, அடங்கிவிட்டால் சொல்ல மாட்டார், அவரைப் பற்றி அவருக்குத் தெரியும். கையை நீட்டிப் பிள்ளையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார். அதன் மூச்சு கழுத்தில் சூடாகப் பட்டுப் பட்டுப் போனது.

"செவ்வாக்கிழம அந்தியில," என்று ஆரம்பித்தார்.